யாரும் படிக்கலாம்: மன்னார்க் கரையில் இருந்து டிஜிட்டல் முறைகள்

மன்னார் நகரில் இருந்து ஹாம் வானொலியின் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் ஒரு பொது அழைப்பு விட்டால் அதில் மூன்றே விடயங்கள் போகும்: ‘சீக்யூ’ என்ற அழைப்பு, உங்கள் அழைப்புக்குறி, உலகப் படத்தைப் பிரித்த கட்டங்களில் நீங்கள் இருக்கும் கட்டத்தின் பெயர். நகருக்கு அந்தக் கட்டம் எம்ஜே98. எருக்கலம்பிட்டிப் பக்கம் போனால் 9 பாகை அகலக்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அங்கிருந்து பேசாலை, தலைமன்னார் வரை எம்ஜே99. பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து 80 பாகை நெடுங்கோட்டையும் தாண்டினால் மடு என்ஜே08, விடத்தல்தீவு என்ஜே09. நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலை நகரில் இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் இருக்கிறது. 50 மெகாஹேர்ட்ஸில் கட்டம் கட்டமாகச் சேர்த்து விருது வாங்குபவர்கள் இதற்காகவே உங்களைத் தேடி வருவார்கள். இன்னுமொன்று: இராமேஸ்வரம், இராமநாதபுரம், மதுரை எல்லாமே எம்ஜே99தான். தலைமன்னாரில் இருந்து அழைப்பவரும் தனுஷ்கோடிக் கரையில் இருந்து அழைப்பவரும் திரையில் ஒரே ஊர்க்காரர் போலத்தான் தெரிவார்கள். அழைப்புக்குறியின் தொடக்கத்தில் நிற்கும் 4எஸ் அல்லது வியூ மட்டும்தான் யார் எந்த நாடு என்று சொல்லும்.

இந்த ஒற்றை வரியை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் படிக்கலாம். 15 செக்கன் சுற்றில் 12.64 செக்கன் ஒலிக்கும், 50 ஹேர்ட்ஸ் அகலம் மட்டுமே பிடிக்கும் இந்தச் சமிக்ஞைக்குள் 77 பிட் தகவல் இருக்கிறது. அந்த 77 பிட்டை எப்படி அடுக்குவது, பிழை திருத்தும் குறியீடு எது, எட்டுத் தொனிகள் எந்த ஒழுங்கில் மாறுகின்றன என்ற முழு விபரமும் 2020 இல் அச்சில் வந்துவிட்டது. 1993 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து 2017 இல் இந்த முறையை வெளியிட்டார். இதை இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் மூலநிரலை எவரும் இறக்கிப் பார்க்கலாம், திருத்தலாம். 1998 இல் பீற்றர் மார்ட்டினஸ் கொண்டுவந்த பிஎஸ்கே31 முறையிலும் இதே வழக்கம்தான். எந்த எழுத்துக்கு எந்தப் பிட் வரிசை என்ற அட்டவணையை அவர் பகிரங்கமாகவே கொடுத்தார்.

டிஜிட்டல் முறையில் இறங்குபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. நான் விடும் சமிக்ஞையை மற்றவர் படிக்க முடியுமா? அது பிடிக்கும் இடம் நியாயமான அளவா? இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அவை ஒரே கேள்விதான். குரலில் பேசும் ஒருவர் உங்கள் அலைவரிசைமேல் ஏறிவிட்டால், ஆள் யார் என்று காதே சொல்லிவிடும். தள்ளிப் போகச் சொல்லலாம். படிக்க முடியாத டிஜிட்டல் சமிக்ஞை ஏறி உட்கார்ந்தால் ‘தம்பி, கொஞ்சம் தள்ளுங்கோ’ என்று சொல்லக்கூட ஆள் தெரியாது. ஹாம் அலைவரிசைகளில் பொலிஸ் கிடையாது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அங்கே காவல்.

எது திறந்தது, எது மூடியது

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் 25ஆவது பிரிவில், 2003 இல் ஜெனீவாவில் நடந்த உலக மாநாட்டில் சேர்த்த ஒரு விதி இருக்கிறது: வெவ்வேறு நாட்டு ஹாம் நிலையங்களுக்கு இடையிலான ஒலிபரப்பைப் பொருள் மறைக்கும் நோக்கத்தில் குறியீடாக்கக் கூடாது. செய்மதிகளுக்கு அனுப்பும் கட்டுப்பாட்டுக் கட்டளைக்கு மட்டும் விலக்கு. ‘நோக்கத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சுருக்குவதற்காகக் குறியீடாக்கலாம், பிழை திருத்துவதற்காகவும் ஆக்கலாம். மறைப்பதற்காக ஆக்கக் கூடாது. ரோமன் எழுத்தில் தமிழ் தட்டுவது மறைமொழி ஆகுமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஆகாது. ‘சாப்பிட்டாச்சா’ என்பதை எந்த எழுத்தில் அடித்தாலும் அது தமிழ்தான். தமிழ் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

உண்மையான சிக்கல் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையில் இருக்கிறது. வானொலி வழியாக மின்னஞ்சல் அனுப்பும் வின்லிங்க் வலையமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடல் பாய்மரப் படகுகளுக்கும் பேரிடர்க் குழுக்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் அது பெரும்பாலும் ஓடுவது பேக்டர் அல்லது வரா என்ற முறைகளில். பேக்டர் 3, 4 இரண்டும் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் மோடத்தை நம்பியவை. அந்த மோடத்தின் விலையில் நல்லதொரு செட்டே வாங்கிவிடலாம். வரா ஸ்பெயின் நாட்டு ஹாம் ஒருவர் எழுதிய மென்பொருள். தொடங்குவது இலவசம், முழு வேகம் வேண்டுமென்றால் பணம் கட்டித் திறப்பு வாங்க வேண்டும். மூலநிரல் அவரிடம்தான். இந்த இணைப்புகளில் மறையாக்கம் இல்லை, சுருக்கம்தான் இருக்கிறது. என்றாலும் இரண்டு நிலையங்கள் ஒன்றையொன்று ‘கிடைத்தது, கிடைக்கவில்லை’ என்று உறுதிசெய்துகொண்டு பேசும்போது, நடுவில் இருந்து கேட்கும் மூன்றாமவர் ஒரு துண்டைத் தவறவிட்டால் சுருக்கிய செய்தியை விரிக்க முடியாமல் போகும். 2019 இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் இதே விடயத்தில் ஒரு மனு பெரிய சண்டையாக நடந்தது. பின்னர் வானொலியில் போன செய்திகளை ஹாம்கள் இணையத்தில் பார்க்க வின்லிங்க் வழிசெய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காற்றில் போனதைப் படிக்க இணையம் வேண்டும் என்றால் அது பாதி வெளிப்படை.

என் பரிந்துரை நேரடியானது. முதல் ஒரு வருடம் திறந்த முறைகளில் மட்டும் இயங்குங்கள்: எஃப்டி8, அலை எங்கு எட்டுகிறது என்று பார்க்க டபிள்யூஎஸ்பிஆர், பிஎஸ்கே31, தட்டச்சு உரையாடலுக்கு ஜேஎஸ்8. வின்லிங்க் தேவைப்பட்டால் ஆர்டோப் என்ற திறந்த முறையில் தொடங்கிப் பாருங்கள். வராவை விட மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் குரல் முறையில் இயங்கும் கைச்செட் வாங்கியவர்கள் மெனுவுக்குள் போய் ‘பிரைவசி’ அல்லது ‘என்கிரிப்ஷன்’ என்றிருப்பதை நிறுத்திவிடுங்கள். சீனத்துச் செட்டுகள் பலவற்றில் அந்த வசதி உண்டு. ஹாம் அலைவரிசையில் அது இருக்கக் கூடாது. டிஜிட்டல் குரலில் இன்னொரு சங்கதியும் உண்டு. டி-ஸ்டார், டிஎம்ஆர் எல்லாம் குரலைச் சுருக்குவது ஒரே அமெரிக்க நிறுவனத்தின் தனியுடைமை முறையில். அவுஸ்திரேலியாவின் டேவிட் ரோ எழுதிய கோடெக்2 அதற்குத் திறந்த மாற்று. எம்17 என்ற புதிய முறை அதன் மேல் கட்டியது.

இந்தக் கரையில் ஏன் இன்னும் கவனம்

மற்ற ஊர்களில் இது கொள்கைப் பேச்சாக இருக்கலாம். மன்னாரில் அப்படியல்ல. முப்பது வருடப் போரில் இந்தக் கரையில் ஒரு கம்பிச் சுருளும் பற்றரியும் கையில் இருந்தாலே கேள்வி வரும். போர் முடிந்து காலமாகிவிட்டது. ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் முப்பது கிலோமீற்றரில் இன்னொரு நாடு, இடையில் கடற்படைப் படகுகள், இரவில் மீன்பிடி வள்ளங்கள், அவ்வப்போது கடத்தல் செய்திகள். கடற்கரையில் இருட்டுக்குள் ஒருவர் மடிகணினியும் அன்டெனாவுமாக உட்கார்ந்து ‘கிர்ர்’ என்று சத்தம் வரவைத்தால் யாராவது வந்து விசாரிப்பது இயல்பு, விசாரிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆகவே, முதலில் அனுமதிப்பத்திரம். 1991 ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அதை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பரீட்சை எழுதிப் பெற வேண்டும். செட்டை வெளிநாட்டில் இருந்து எடுப்பதற்கு முன்பே ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள், எடுத்த பிறகு கேட்காதீர்கள். அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்று பொலித்தீன் உறைக்குள் செட்டோடு எப்போதும் இருக்கட்டும். வெளியிடத்தில் அன்டெனா கட்டப் போவதானால் கிராம சேவகருக்கும் அருகில் உள்ள பொலிஸ் நிலையத்துக்கும் முதல்நாளே சொல்லுங்கள், பகலில் கட்டுங்கள்.

அதற்குப் பிறகும் ஒருவர் வந்து ‘தம்பி, இது என்ன?’ என்று கேட்டால் மடிகணினித் திரையை அவர் பக்கம் திருப்புங்கள். இடதுபக்கப் பெட்டியில் ஒவ்வொரு 15 செக்கனுக்கும் வரிகள் கொட்டிக்கொண்டிருக்கும்: நேரம், சமிக்ஞையின் வலிமை, யார் யாரை அழைக்கிறார், எந்தக் கட்டத்தில் இருந்து. ஒரு ஜப்பான்காரர், ஒரு இத்தாலிக்காரர், ஒரு இந்தோனேசியர். அவர்கள் அனுப்பியதும் நாம் அனுப்பியதும் ஒரே திரையில், ஒரே மாதிரியான எழுத்தில். கேட்டவர் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பார், ‘இத்தாலிக்கு இதிலேயா போகுது?’ என்பார். படிக்க முடியாத ஒரு முறையில் இயங்கிக்கொண்டிருந்தால் இதே இடத்தில் நீங்கள் காட்ட என்ன இருக்கும்?

காலியாகத் தெரியும் இடம் காலியல்ல

இடத்தைப் பங்குபோடுவதற்கு நம் நாட்டிலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. 14.100 மெகாஹேர்ட்ஸில் உலகெங்கும் உள்ள 18 வழிகாட்டி நிலையங்கள் ஒரே அலைவரிசையில் முறைவைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 செக்கன், மூன்று நிமிடத்தில் சுற்று முடியும். வட கலிபோர்னியா டிஎக்ஸ் அமைப்பும் சர்வதேச ஹாம் ஒன்றியமும் நடத்தும் இந்த வரிசையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு: இலங்கை வானொலிச் சங்கம் பார்த்துக்கொள்ளும் 4எஸ்7பி. சுற்றுத் தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் அதன் முறை. அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லிவிட்டு 100 வாட், 10 வாட், 1 வாட், 0.1 வாட் என்று படிப்படியாக வலுவைக் குறைத்து நான்கு நீள ஒலிகள். 0.1 வாட் கேட்டால், அந்தத் திசைக்கு உங்கள் செட்டின் முழு வலுவும் தேவையில்லை என்று அர்த்தம். 14.099 முதல் 14.101 வரை எந்த டிஜிட்டல் முறையிலும் கைவைக்காதீர்கள்.

மன்னாரில் இருந்து இதைக் கேட்டுப் பாருங்கள். 4எஸ்7பிக்கு முந்திய முறை ஹொங்கொங்குடையது. பல நேரங்களில் ஹொங்கொங் தெளிவாகக் கேட்கும், அடுத்து வர வேண்டிய கொழும்பு கேட்காது. நேர்கோட்டில் 230 கிலோமீற்றர்தான். அந்தத் தூரத்துக்கு நிலத்தோடு ஊர்ந்து வரும் அலை எட்டாது. வானத்தில் முட்டித் திரும்பும் அலையோ நம் தலைக்கு மேலால் தாண்டிப் போய்விடும். 14 மெகாஹேர்ட்ஸ் அடங்கிய 20 மீற்றரில் கொழும்பு, யாழ்ப்பாணம், திருச்சி எல்லாமே நமக்கு இந்த மௌன வளையத்துக்குள் விழக்கூடியவை.

இதன் விளைவு பெரியது. நீங்கள் கேட்கும்போது ஓர் இடம் அமைதியாக இருந்தால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. கொழும்பில் ஒருவர் அந்த இடத்தில் ஐரோப்பாவோடு பேசிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அவர் கேட்க மாட்டார், ஐரோப்பியருக்கு இரண்டு பேரும் கேட்பீர்கள். தானாக இயங்கும் மின்னஞ்சல் நிலையங்களில் ‘இடம் பிடிபட்டிருக்கிறதா’ என்று பார்க்கும் வசதி உண்டு. அதற்கும் இதே காதுதான். ஆகவே அகலமான முறையைப் பயன்படுத்தும்போது பொறுப்பும் அதிகம். 2300 ஹேர்ட்ஸ் வரா இணைப்பு ஒன்று பிடிக்கும் இடத்தில் 46 எஃப்டி8 சமிக்ஞைகளை வரிசையாக வைக்கலாம். தொடங்குமுன் ஒரு நிமிடமாவது கேளுங்கள். மோர்ஸ் தெரிந்தால் ‘க்யூஆர்எல்?’ (இந்த இடம் பிடிபட்டிருக்கிறதா?) என்று ஒரு தடவை அடித்துக் கேளுங்கள். ஒருவர் வேலையை முடிக்கும்வரை காத்திருக்க முடியாத அவசரம் நமக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

எஃப்டி8இல் இதே சிக்கல் சிறிய வடிவில் வரும், இது பலருக்குத் தெரியாது. அழைப்புகள் இரட்டைச் சுற்று, ஒற்றைச் சுற்று என்று மாறி மாறிப் போகின்றன. நிமிடத்தின் 0, 30 செக்கன்களில் தொடங்குபவர்கள் ஒரு பக்கம், 15, 45இல் தொடங்குபவர்கள் மறுபக்கம். நீங்கள் அனுப்பும் சுற்றில் உங்கள் செட் கேட்காது. அதனால் வாட்டர்ஃபால் திரையில் காலியாகத் தெரியும் இடம் மற்றச் சுற்றுக்காரரின் கணக்குப்படிதான் காலி. உங்கள் சுற்றில் அதே இடத்தில் மூன்று பேர் இருக்கலாம். நாலைந்து அழைப்புக்கு ஒரு தடவை அனுப்புவதை நிறுத்தி, ஒரு முழுச் சுற்றுக் கேட்டுவிட்டு, இரண்டிலும் காலியான இடத்துக்கு மாறுங்கள். மாறிய பின் ‘ஹோல்ட்’ குறியைப் போட்டு அங்கேயே நில்லுங்கள். பதில் சொல்லும் ஒவ்வொருவரின் மேலும் தாவி ஏறாதீர்கள்.

ஒரே ஊரில் இரண்டு ஹாம் இருந்தால் இருவரும் ஒரே சுற்றைப் பிடிக்க வேண்டும். பேசாலையில் ஒருவரும் மன்னார் நகரில் ஒருவரும் எதிரெதிர்ச் சுற்றில் 50 வாட் விட்டால், ஒருவர் கேட்கும் நேரம் முழுவதும் மற்றவரின் இரைச்சல்தான் இருக்கும்; தூரத்துச் சமிக்ஞைகள் எல்லாம் அடிபட்டுப் போகும். ஒரே சுற்றில் அனுப்பினால் ஒரே நேரத்தில் அனுப்பி ஒரே நேரத்தில் கேட்கலாம். கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்துக்காரரோடும் 50 மெகாஹேர்ட்ஸில் இதே உடன்பாடு செய்துகொள்வது நல்லது. பாக்கு நீரிணைக்கு மேலால் வெப்பக் காற்றுப் படலம் அமையும் நாட்களில் விஎச்எஃப் அலைகள் எல்லை பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் கொடைக்கானல் தூரதர்ஷனை யாழ்ப்பாணமும் மன்னாரும் பார்த்ததும், தமிழ்நாட்டுக் கரையில் ரூபவாஹினி தெரிந்ததும் இதே கடலுக்கு மேலால்தான்.

வலுவைப் பற்றி. உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் நட்ட செங்குத்து அன்டெனா, தாழ்ந்த கோணத்தில் மிக நன்றாக அனுப்பும். தாழ்வுபாட்டுக் கரையில் 10 வாட் செய்வதை உள்நாட்டில் 50 வாட் செய்யாமல் போகலாம். எதிர்ப்பக்கம் உங்களுக்கு +5 என்று அறிக்கை தந்தால் வலுவைக் குறையுங்கள். எஃப்டி8 -20 அளவிலும் படித்துவிடும். கணினியில் இருந்து செட்டுக்குப் போகும் ஒலியை, ஏஎல்சி முள் அசையாத அளவுக்குக் குறைத்து வையுங்கள். அது அசைந்தால் உங்கள் 50 ஹேர்ட்ஸ் சமிக்ஞைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பேய் உருவங்கள் முளைத்து அடுத்தவர் இடத்தைத் தின்னும். சூரியன் மறைந்த பின் இங்கே இன்னொரு தொல்லை உண்டு. காந்த மத்தியகோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது, மன்னார் அதற்கு மிக அருகில். அந்நேரத்தில் அயனமண்டலம் கலங்குவதால் சமிக்ஞைகள் நடுங்கும். எஃப்டி8 தொனிகளுக்கு இடையே 6.25 ஹேர்ட்ஸ்தான் இடைவெளி. நடுக்கத்தில் அவை ஒன்றோடொன்று கலந்தால் வலுவாகக் கேட்டாலும் எழுத்து வராது. வலுவைக் கூட்டிப் பிரயோசனமில்லை. 40 மீற்றருக்கு இறங்குங்கள், அல்லது சோறு சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நேரம் ஒரு செக்கனுக்குள் சரியாக இருக்க வேண்டும். இணையம் அடிக்கடி போகும் இடத்தில் சிறிய ஜிபிஎஸ் துண்டொன்றை யுஎஸ்பியில் செருகிவிடுங்கள். 10.136 மெகாஹேர்ட்ஸில் இயங்குபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 30 மீற்றரில் நாம் இரண்டாம் நிலைக் குடியிருப்பாளர், நிரந்தரச் சேவைகளுக்கு இடைஞ்சல் செய்தால் நாம்தான் எழும்ப வேண்டும். டபிள்யூஎஸ்பிஆர் ஓடவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் அனுப்பும் பங்கை 20 வீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். மற்ற நேரமெல்லாம் கேட்கட்டும். அபூர்வத் தீவுகளுக்குப் போகும் குழுக்கள் பயன்படுத்தும் ஃபொக்ஸ்-ஹவுண்ட் முறையை 7.074, 14.074 போன்ற பொது இடங்களில் ஓட்டக் கூடாது.

புயல் வந்தால்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கே ஹம்பாந்தோட்டையில் தொலைபேசி அற்றுப்போனபோது விக்டர் குணதிலக்க தலைமையில் இலங்கை வானொலிச் சங்கத்தினர் அங்கு போய், கார் பற்றரியில் சிற்றலை செட்டை ஓட்டி, கொழும்பில் பிரதமர் அலுவலகத்தோடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். அதே நாட்களில் அந்தமானில் இருந்து இந்திய ஹாம் பாரதி பிரசாத் செய்த வேலையும் அப்படித்தான். இரண்டும் குரல்வழிச் சாதாரணச் சிற்றலை. கேட்கும் எவரும் இடையில் நுழைந்து உதவ முடிந்ததற்கு அதுதான் காரணம். டிஜிட்டலில் அதே குணம் வேண்டுமென்றால் முறை திறந்ததாக இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைப் பக்கம் கரை ஏறி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது போல இன்னொன்று வரும் இரவில், உதவிக்கு வந்தவரின் கணினியில் திறப்பு வாங்காத மென்பொருள் இருந்தால் அதை வாங்கக் கடை திறந்திருக்காது. தேவையான நிறுவல் கோப்புகளை இப்போதே ஒரு யுஎஸ்பி துண்டில் போட்டு, அனுமதிப்பத்திரப் பிரதி இருக்கும் அதே உறைக்குள் வையுங்கள்.

வெளிப்படைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நிவாரண முகாமில் இருந்து காணாமல் போனோர் பட்டியலோ, நோயாளியின் விபரமோ ஹாம் வழியாக அனுப்பினால் அதை எவரும் படிப்பார். மறையாக்கம் இல்லாமல் இதற்குத் தீர்வு இல்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. எத்தனை பேர், எத்தனை லீற்றர் தண்ணீர், எந்த மருந்து எத்தனை பெட்டி, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்ற கணக்கு வானொலியில் போகட்டும். பெயர்ப் பட்டியல் கையெழுத்தோடு மோட்டார் சைக்கிளில் போகட்டும். ஒருவரின் பெயரை அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அவரிடமோ உறவினரிடமோ இது ஊர் முழுக்கக் கேட்கும் என்று சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.